மாட்டின் நடையும் மனிதனின் பார்வையும் நரம்பின் கையில்

கல்வராயன் மலைச் சரிவில் ஏர் பூட்டிய மாட்டின் விலாவில் ஓர் ஈ உட்காருகிறது. மாடு திரும்பிப் பார்ப்பதில்லை. நடையை நிறுத்துவதும் இல்லை. ஈ உட்கார்ந்த இடத்தில் தோல் மட்டும் வெடுக்கென்று உதறுகிறது. ஈ பறந்து விடுகிறது. விவசாயிகள் தினமும் பார்க்கும் காட்சிதான் இது. ஆனால் இந்த ஒரு நொடிக்குள் நடந்து முடியும் வேலை சாதாரணமானதல்ல.

மாட்டின் தோலில் நூலைவிட மெல்லிய உணர்வு நரம்புகள் பரவிக் கிடக்கின்றன. ஈயின் கால் பட்டவுடன் அங்கிருந்து ஒரு சேதி புறப்பட்டு, முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தை அடைகிறது. தண்டுவடத்திலிருந்து இன்னொரு நரம்பு வழியாக, தோலுக்கு அடியில் விரிப்புப் போல் பரந்திருக்கும் தசைக்கு உத்தரவு போகிறது. தசை சுருங்கித் தோல் உதறுகிறது. மூளையைக் கேட்டுக் கொண்டிருக்க வேண்டிய தேவையே இல்லை. முள்ளில் மிதித்தவன் வலியை அறிவதற்கு முன்பே காலைத் தூக்கி விடுவதும் இப்படித்தான். மாட்டுக்கும் குதிரைக்கும் விலாவில் உள்ள இந்தத் தோல் தசை மனிதனுக்கு இல்லை. அதனால்தான் அவன் ஈயை ஓட்டக் கையை வீச வேண்டியிருக்கிறது.

நரம்பு வழியே செல்லும் சேதிகள் எல்லாம் ஒரே வேகத்தில் செல்வதில்லை. தடித்த நரம்புகளில் நொடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகம் உண்டு. மந்தமான வலியைக் கொண்டு செல்லும் மெல்லிய நரம்புகளில் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான். வரப்புக் கல்லில் கால் இடறினால் முதலில் சுரீர் என்று ஒரு வலி, சற்றுப் பொறுத்து விண்விண் என்று இன்னொரு வலி வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். பின்னால் வருவது மெல்லிய நரம்பில் மெதுவாக நடந்து வந்த சேதி.

உணரும் நரம்பு, உத்தரவு கொண்டு போகும் நரம்பு, இரண்டையும் இணைக்கும் தண்டுவடமும் மூளையும் என்ற இந்த ஏற்பாடு மாட்டுக்கும் மனிதனுக்கும் பொது. இதில் எந்த இடத்தில் பழுது வந்தாலும் அது முதலில் பார்வையிலோ, நடையிலோ, வாயிலோ, மூச்சிலோ தெரிந்து விடும். அதைப் படிக்கத் தெரிந்தால் சில நேரங்களில் ஓர் உயிர் மிஞ்சும்.

மாட்டின் கண்

மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. தலையைத் திருப்பாமலே சுமார் 330 டிகிரி அளவுக்கு அதனால் பார்க்க முடியும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. சத்தமில்லாமல் பின்னால் வந்து வாலைப் பிடிப்பவன் உதை வாங்குவது இதனால்தான். மாட்டுக்குத் தீய குணம் என்று சொல்வது நியாயமல்ல. குரல் கொடுத்துக் கொண்டு தோள்பட்டைப் பக்கமாக அணுகினால் பெரும்பாலான மாடுகள் அசையாமல் நிற்கும்.

இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் பரப்பு மாட்டுக்குக் குறைவு. ஆகையால் ஆழத்தைக் கணிப்பதில் அது தடுமாறும். பாதையின் குறுக்கே விழும் மர நிழல் அதற்கு ஒரு பள்ளமாகவும் தோன்றலாம். வெயிலிலிருந்து இருண்ட கொட்டகைக்குள் நுழையும்போது கண் பழகுவதற்கும் நேரம் பிடிக்கும். அந்த இடத்தில் தார்க்குச்சியால் குத்தினால் மாடு மிரளுமே தவிர நுழையாது. சற்று நிற்க விட்டால் தானே போகும். சிவப்புத் துணியைக் கண்டால் மாடு வெகுண்டு பாயும் என்பதும் வெறும் பேச்சு. சிவப்பைத் தனி நிறமாகப் பிரித்தறிய மாட்டின் கண்ணால் முடியாது. துணி அசைவதுதான் அதை உசுப்புகிறது.

கண் நரம்பு கெட்ட கதை

மனிதனின் கண் நரம்பு எவ்வளவு எளிதில் கெடும் என்பதைக் கள்ளக்குறிச்சி 2024 ஜூன் மாதத்தில் கண்டது. கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உழைத்துச் சாப்பிடும் குடும்பங்கள்தான் அதிகம் பறிகொடுத்தன.

மெத்தனால் உடம்புக்குள் போனவுடன் கொல்வதில்லை. கல்லீரல் அதை மெல்ல மெல்லப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. சில எறும்புகள் கடிக்கும்போது பீய்ச்சுகிற அமிலமும் இதுவே. இந்த அமிலம் சேரச் சேரக் கண் நரம்பு முதலில் அடிபடுகிறது. குடித்துப் பாதி நாளோ ஒரு நாளோ கழிந்த பின்பு கண்முன் வெள்ளைத் திரை விழுந்தது போல் பார்வை மங்கும். வயிற்று வலி, வாந்தி, வேகமான மூச்சு சேர்ந்து வரும். சாதாரணச் சாராயமும் கலந்திருந்தால் இந்த அடையாளங்கள் இன்னும் தாமதமாகும். கல்லீரல் முதலில் சாராயத்தைக் கவனிக்கப் போய்விடுவதே காரணம். "நேற்றுக் குடித்தது, இன்று காலை வரை நன்றாகத்தானே இருந்தான்" என்று வீட்டார் ஏமாறுவது இங்கேதான்.

உயிர் தப்பியவர்களிலும் சிலருக்கு மூளையின் ஆழத்தில், அசைவுகளைச் சீர்படுத்தும் பகுதி கருகி விடுவதுண்டு. அவர்கள் கை கால் விறைத்து, நடை மெதுவாகிப் போவார்கள். பார்வையும் நடையும் ஒரே விஷத்தால் போகின்றன. இதற்கு மோரோ இளநீரோ மாற்றல்ல. மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸும் மருத்துவமனையில்தான் உண்டு. பார்வை மங்கியவர் மட்டுமல்ல, அவருடன் சேர்ந்து குடித்த அனைவரும் உடனே போக வேண்டும். ஓர் ஆச்சரியம் என்னவென்றால், எலி, முயல், நாய் போன்றவை மெத்தனாலால் மனிதனைப் போல் குருடாவதில்லை. அவற்றின் கல்லீரல் அந்த அமிலத்தை வேகமாக எரித்து விடுகிறது. நரம்பு ஒன்றுபோல் இருந்தாலும் ஈரல் வேறு.

நரம்புக்கும் தசைக்கும் நடுவே ஓர் இடைவெளி

கண் காண்பதும் தோல் உணர்வதும் ஒரு பக்கம். அசைவது மறுபக்கம். உத்தரவு கொண்டு வரும் நரம்பு தசையோடு ஒட்டிக் கொண்டிருப்பதில்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு இடைவெளி உண்டு. நரம்பின் நுனி அந்த இடைவெளியில் அசிட்டைல்கோலின் என்ற ஒரு பொருளைச் சிந்துகிறது. அது தசையில் பட்டதும் தசை சுருங்குகிறது. உடனே ஒரு நொதி வந்து, சிந்தியதை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் துடைத்து விடுகிறது. தசை தளர்கிறது. மடையைத் திறந்து தண்ணீர் விட்டு, பாத்தி நிறைந்ததும் மூடுவது போல. மடை திறக்காமல் போனாலும் ஆபத்து, மூடாமல் போனாலும் ஆபத்து.

திறக்காமல் போவதற்குக் கொட்டகையிலேயே சாட்சி உண்டு. நன்றாகப் பால் தரும் பசு கன்று ஈன்ற 3 நாட்களுக்குள் தள்ளாடி விழுந்து, எழ முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக் கொண்டு படுத்து விடுகிறது. காது சில்லிட்டிருக்கும். பெயர் பால் காய்ச்சல் என்றாலும் காய்ச்சல் இராது. திடீரென்று மடியில் பால் சுரக்க, இரத்தத்தில் இருந்த சுண்ணாம்புச் சத்து அதற்கே போய்விடுகிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் நரம்பின் நுனி அசிட்டைல்கோலினைச் சிந்தாது. கால்நடை டாக்டர் கால்சியம் மருந்தை நரம்பில், அதாவது இரத்தக் குழாயில், மெதுவாக ஏற்றினால் செத்தது போல் கிடந்த பசு பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்று விடும். ஆகையால் தெரிந்தவர் என்று சொல்லிக் கொள்பவரிடம் இந்த ஊசியை விடக் கூடாது.

மூடாமல் போவது பூச்சி மருந்தினால். இதைச் சற்று விரிவாகவே அறிய வேண்டும்.

பூச்சியைக் கொல்வது ஆளையும் கொல்லும்

குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போல் "பாஸ்" என்று முடியும் மருந்துகளில் பெரும்பாலானவை ஒரே குலத்தைச் சேர்ந்தவை. துடைக்க வரும் நொதியை இவை கட்டிப் போடுகின்றன. சிந்தியது சிந்தியபடியே நிற்க, நரம்புகள் ஓயாமல் முடுக்கப்படுகின்றன. புழு துடிதுடித்துச் சுருண்டு சாவது இதனால்தான். அந்த நொதி புழுவுக்கும் உண்டு, தேனீக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு, மருந்தடிப்பவனுக்கும் உண்டு. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது.

1958-ல் கேரளத்தில், கப்பலில் வந்த உணவுப் பொருள் மூட்டைகளில் பாலிடால் கசிந்து, அதை உண்ட 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பத்தாண்டு கழித்து, 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 2017-ல் மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில், ஆள் உயரப் பருத்தியில் மருந்தடித்த கூலியாட்களும் விவசாயிகளுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சின்னசேலம், கள்ளக்குறிச்சி பக்கத்து மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் இதே ஆபத்து உண்டு. 2018 முதல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்தடிப்பது கூடியிருக்கிறது. பயிர் தலைக்கு மேல் வளர்ந்த பின் அடித்தால் மருந்து விழுவது பயிரின் மேல் பாதி, அடிப்பவன் மேல் பாதி. குருத்துக்குள் புழு இருக்கும் இளம் பருவத்திலேயே கவனித்து விடுவது பயிருக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.

வாயால் குடித்தால்தான் விஷம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இவை தோல் வழியே உள்ளே செல்லும். நனைந்த சட்டையோடு மாலை வரை நிற்பது, மருந்தை மெல்ல மெல்லக் குடிப்பதற்குச் சமம். அடைத்துக் கொண்ட தெளிப்பான் முனையை வாயால் ஊதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாட்டிலின் லேபிளில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை ஆகக் குறைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி செய்த ஏற்பாடு இது. கடையில் வாங்கும்போதே பார்க்கலாம்.

விஷம் ஏறினால் கண்ணின் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும். கண்ணீர், எச்சில், வியர்வை பெருகும். வயிறு முறுக்கும். தொடையிலும் இமையிலும் சதை துடிக்கும். பிறகு கை கால் சோர்ந்து மூச்சு முட்டும். மாட்டுக்கும் இதே அடையாளங்கள்தான். வாயில் எச்சில் ஒழுகத் தள்ளாடி நிற்கும். உண்ணி போக வேண்டும் என்று வயலுக்கு வாங்கிய மருந்தை மாட்டின் மேல் பூசுவதும், தெளிப்பானைத் தொட்டியில் கழுவி அந்தத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டுவதும் இதில் முடியும்.

அடையாளம் கண்டவுடன் செய்ய வேண்டியது, ஆளை வயலிலிருந்து காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு வந்து, நனைந்த துணியை முழுவதும் களைந்து, சோப்புப் போட்டுத் தண்ணீரால் நன்றாகக் கழுவுவது. கழுவுபவரும் கையில் உறை மாட்டிக் கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது மூச்சுக் குழாயில் போய்விடும். 108-க்குச் சொல்லிவிட்டு, மருந்துப் பாட்டிலைத் தவறாமல் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்கு நேரம் மிச்சம். அட்ரோபின் ஊசி எச்சிலையும் சளியையும் வற்றச் செய்து, குறைந்த நாடித் துடிப்பைத் தூக்கி விடும். தசையின் சோர்வு அதற்குக் கட்டுப்படாது. மூச்சு நின்றால் கருவிதான் மூச்சு விட வேண்டும்.

இதில் ஒரு மோசமான ஏமாற்று உண்டு. 1987-ல் இலங்கை டாக்டர்கள் நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகியோர் இதை விளக்கி எழுதினர். எச்சில் நின்று, நினைவு தெளிந்து, "பிழைத்தான்" என்று உறவினர்கள் மூச்சு விட்ட பிறகு, 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்துத் தசை சோர்ந்து தலையைத் தூக்க முடியாமல் போகிறது. அடுத்ததாக மூச்சுத் தசை சோர்கிறது. ஆகவே டாக்டர் சொல்வதற்கு முன்பு, செலவுக்குப் பயந்தோ அறுவடை கிடக்கிறது என்றோ ஆளை வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது. படுக்கையில் கிடப்பவரைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் காட்டச் சொன்னாலே தெரியும். முடியவில்லை என்றால் உடனே நர்சைக் கூப்பிட வேண்டும்.

பாம்பும் அதே இடத்தில்தான்

பூச்சி மருந்து வேலை செய்யும் அதே இடைவெளியில்தான் கட்டுவிரியனும் நல்ல பாம்பும் வேலை செய்கின்றன. ஆனால் எதிர்த் திசையில். நல்ல பாம்பின் விஷம், தசைப் பக்கத்தில் அசிட்டைல்கோலின் வந்து பட வேண்டிய இடத்தை அடைத்துக் கொள்ளும். கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியையே நாசம் செய்யும். இரண்டிலும் உத்தரவு தசைக்குப் போய்ச் சேராது. இமை தொங்கும்; நாக்குக் குழறும்; எச்சிலை விழுங்க முடியாது; கடைசியில் மூச்சு.

கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் அநேகமாக இராது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, இமையைத் தூக்க முடியாமல் இருப்பவருக்குக் கடிவாய் தெரியாவிட்டாலும் பாம்புக் கடி என்றே எண்ணிப் புறப்பட வேண்டும். மலைக் கிராமங்களிலிருந்து கீழே இறங்குவதற்கே நேரம் ஆகும் என்பதால், விஷமுறிவு மருந்து அருகில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ளது என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. கடிவாயைக் கீறுவதும் கயிற்றால் இறுக்குவதும் வீண். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைத்துத் தூக்கிச் செல்ல வேண்டும். கட்டிலில் கொசுவலையை விரிப்புக்கு அடியில் செருகிப் படுப்பது, கொசுவை மட்டுமல்ல, கட்டுவிரியனையும் தடுக்கும்.

இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைத் தருவதில் தமிழ்நாட்டு இருளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1978-ல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்புகளிலிருந்து விஷம் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுத்து வருகிறது. நல்ல பாம்புக் கடிக்கு டாக்டர்கள் நியோஸ்டிக்மின் என்ற ஊசியையும் போடுவதுண்டு. அது செய்யும் வேலை என்ன தெரியுமா? பூச்சி மருந்தைப் போலவே துடைக்கும் நொதியைச் சற்று நேரம் கட்டி வைப்பது. சிந்தியது அதிக நேரம் நின்றால், அடைபடாமல் மிஞ்சியிருக்கும் இடங்களிலாவது போய்ப் பட்டுத் தசையை அசைக்கும் அல்லவா? அளவோடு, டாக்டர் கையில் இருக்கும்போது அது மருந்து.

மரவள்ளித் தழை

மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி இல்லாத ஊர் குறைவு. இதன் தழையிலும் தோலிலும் சயனைடைக் கக்கும் ஒரு பொருள் உண்டு. கிழங்கின் சதையைவிடத் தோலில் அதிகம். வறட்சியில் வாடிய செடியிலும், வெட்டிய பின் துளிர்த்த இளங்கொழுந்திலும் இன்னும் அதிகம். பசியோடு இருக்கும் மாடு அவிழ்த்துக் கொண்டு போய் வயிறு முட்டத் தின்றால், மென்ற தழை இரைப்பையில் சயனைடாக மாறுகிறது.

சயனைடு செல்லுக்குள் போய், காற்றிலிருந்து வந்த பிராணவாயுவைப் பயன்படுத்தும் இடத்தை அடைக்கிறது. கருணாபுரத்தில் கண் நரம்பைக் கெடுத்த பார்மிக் அமிலம் அடைக்கும் இடமும் இதுவே. இரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருந்தும் உடம்பால் அதை எடுத்துக் கொள்ள முடியாது. மனித உடம்பின் எடையில் மூளை 100-ல் 2 பங்கு. செலவிடும் பிராணவாயுவோ 100-ல் 20 பங்கு. இவ்வளவு பசியுள்ள உறுப்பு முதலில் தவிப்பதில் வியப்பில்லை. மாடு வேகமாக மூச்சிரைத்து, தள்ளாடி விழுந்து, உதைத்துக் கொள்ளும். ஈறு பளிச்சென்று செக்கச் சிவந்திருக்கும். சில நிமிடங்களிலேயே உயிர் போவதுண்டு. கால்நடை டாக்டரிடம் இதற்கு முறிவு ஊசி இருக்கிறது. 1962-க்குச் சொல்லும்போதே "மரவள்ளித் தழை தின்றது" என்று சொன்னால் அவர் அந்த மருந்தோடு வருவார்.

ஆப்பிரிக்காவில் காங்கோவிலும் மொசாம்பிக்கிலும் கசப்பு மரவள்ளியைச் சரியாக ஊறவைக்காமல் பஞ்ச காலத்தில் உண்டவர்களுக்கு இரண்டு கால்களும் விறைத்துப் போனதுண்டு. மூளையிலிருந்து காலுக்கு வரும் நரம்புகள் நிரந்தரமாகக் கெடும் அந்த நோய்க்குக் கொன்சோ என்று பெயர். காங்கோவின் யாக்கா மொழியில் அதற்குக் கட்டிய கால் என்று பொருள். தோலைச் சீவி, வேக வைத்து, தண்ணீரை வடித்துவிட்டு உண்ணும் நம் பக்கத்து வழக்கமே அதற்குக் காப்பு.

தழையை வீணாக்க வேண்டியதில்லை. அறுவடையின்போது கிடைக்கும் தழையைப் பொடியாக நறுக்கி, மெல்லியதாகப் பரப்பி, வெயிலில் சருகாகக் காய வைத்தால் சயனைடில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். காய்ந்த பிறகும் மற்ற தீவனத்தோடு கலந்து கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். களத்தில் குவித்த பச்சைத் தோலையும், சேகோ ஆலையிலிருந்து ஓடி வரும் கழிவு நீரையும் மாடு எட்டாதபடி பார்த்துக் கொள்ள வேண்டும். மரவள்ளிக் கொல்லை வழியாக மாட்டை ஓட்டிச் செல்ல நேர்ந்தால், வீட்டிலேயே ஒரு கட்டு வைக்கோல் போட்டு வயிறு நிரப்பிக் கொண்டு கிளம்புவது நல்லது.